நின்ற சுரமும் நடக்கும் சுரமும்

மாசி மாதம் மாத்தளை மாவட்டத்தில் இரண்டு வகை இசை, ஒன்றையொன்று சட்டை செய்யாமல் ஒலிக்கும். நகரத்திலே ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் மகோற்சவம். மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதிக்கு வரும்போது முன்னே நாதஸ்வரமும் தவிலும் போகும். அதே மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து. அங்கே தப்பு, பாட்டு, ஆட்டம். கோயில் வீதியில் ஒரு சட்ஜம் விடாமல் பின்னணியில் நின்றுகொண்டே இருக்கிறது. காமன் பொட்டலில் அப்படி எதுவும் இல்லை. பாடுகிறவர் எடுத்த எடுப்புத்தான் சுருதி. இரவு ஏற ஏறத் தொண்டையின் போக்கில் அது சற்று ஏறும், சற்று இறங்கும். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

பின்னால் ஒரு சுரம் நிற்கிறதா, இல்லையா? இசையறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருக்கும் சுருதிச் சண்டையில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. ஒரு ஸ்தாயிக்குள் சுருதி இருபத்திரண்டா, இருபத்து நான்கா? விகிதம் எது? இனிமை இயற்கையா, பழக்கமா? எல்லாவற்றையும் கேட்டார்கள். நிற்கும் சுரத்துக்கும் நடக்கும் சுரத்துக்கும் ஒரே சட்டம் பொருந்துமா என்று மட்டும் அதிகம் கேட்கவில்லை. பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஆதார சட்ஜத்தை விநாடிக்கு 220 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். மேல் சட்ஜம் அதன் இரட்டிப்பு, 440. பஞ்சமம் 3/2 விகிதத்தில் 330. அந்தர காந்தாரம் 5/4 விகிதத்தில் 275. முழு எண் விகிதங்களால் அமையும் இந்த முறையை விகிதச் சுருதி என்போம். கீபோர்டும் பியானோவும் வேறு வழியில் போகின்றன. அவை ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டுகின்றன. அங்கே பஞ்சமம் 329.6, காந்தாரம் 277.2. இசையளவியலில் ஸ்தாயி முழுவதையும் 1200 சென்ட் என்று கொள்வது வழக்கம். கீபோர்டின் ஒரு படி 100 சென்ட். அந்தக் கணக்கில் விகிதப் பஞ்சமம் 702, கீபோர்டுப் பஞ்சமம் 700. விகிதக் காந்தாரம் 386, கீபோர்டுக் காந்தாரம் 400. பஞ்சமத்தில் இரண்டு சென்ட் போனால் போகிறது. காந்தாரத்தில் பதினான்கு சென்ட் போவது அப்படிப்பட்டதன்று.

ஏன் என்பது மேற்சுரங்களைப் பார்த்தால் விளங்கும். தந்தியோ குழலோ மனிதத் தொண்டையோ, எதுவும் ஒற்றை அதிர்வை மட்டும் தருவதில்லை. 220 ஒலிக்கும்போது கூடவே 440, 660, 880, 1100 என்று மடங்குகளும் ஒலிக்கின்றன. சட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1100. விகிதக் காந்தாரமான 275இன் நான்காம் மடங்கும் 1100. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி உட்காருகின்றன. கீபோர்டுக் காந்தாரத்தின் நான்காம் மடங்கோ 1108.7. இரண்டு ஒலிகள் இவ்வளவு நெருங்கி நின்றால் காதில் ஒரு துடிப்பு விழும். விநாடிக்கு எட்டு ஒன்பது தடவை ஒலி பெருத்துச் சிறுக்கும். விம்மல் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். கீபோர்டுப் பஞ்சமத்தில் இதே கணக்கைப் போட்டால் விநாடிக்கு ஒரு விம்மல்கூட வராது. ஆகவே பஞ்சமத்தைக் கீபோர்டில் கேட்டு யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. சட்ஜத்தோடு சேர்த்து நெடுநேரம் நிறுத்திய காந்தாரம் மட்டும் அரிக்கும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1863இல் வெளியிட்ட நூலில் இசைவு, இசைவின்மை இரண்டையும் இந்த விம்மலைக் கொண்டே விளக்கினார். 1965இல் பிளோம்ப், லெவெல்ட் என்ற இரண்டு ஒல்லாந்து ஆய்வாளர்கள் அதை நம் உட்செவியோடு இணைத்தார்கள். செவி ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து வாங்குகிறது. ஒரே பட்டைக்குள் இரண்டு அதிர்வுகள் விழுந்து, இடைவெளி பட்டையகலத்தில் சுமார் கால்பங்கு இருக்கும்போது கரகரப்பு உச்சத்துக்குப் போகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேற்சுரமே இல்லாத வெறும் தனி அதிர்வுகளைக் கொண்டு சோதித்தால் விகிதக் காந்தாரத்துக்கும் கீபோர்டுக் காந்தாரத்துக்கும் இடையே கரகரப்பில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆக, இசைவு என்பது இரண்டு எண்களுக்கிடையே மட்டும் இருக்கும் உறவாகாது. எந்த வாத்தியம், அதன் மேற்சுரங்கள் எவ்வளவு வலுவானவை, எவ்வளவு நேரம் ஒலி நிற்கிறது என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்வியோடு நாதஸ்வரத்துக்கு வருவோம். மேலே சீவாளி, அதைத் தாங்கும் கெண்டை, மரத்தாலான உலவு, அடியில் விரியும் அணசு. உட்துளை மேலிருந்து கீழாக அகன்றுகொண்டே போவதாலும், இரட்டை நாக்குள்ள சீவாளியாலும், அதன் ஒலியில் எல்லா மடங்குகளும் தாராளமாக உண்டு. அரை மைல் தூரத்திலிருந்தும் அது கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே காரணத்தால் சுருதி பிசகினாலும் பளிச்சென்று தெரியும். விரல் துளை ஏழு. அவற்றுக்குக் கீழே விரல் வைக்காத துளைகள் ஐந்து. மெழுகை அடைத்தும் எடுத்தும் ஒலியைச் சரிசெய்ய அவை உதவுகின்றன. வாசிக்கப் போகிறவர் சீவாளியை வாயில் ஊறவைத்து, அதன் வாயை விரித்தோ ஒடுக்கியோ பதம் பார்த்து, ஒத்தோடு சேர்த்து சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஊதிப் பார்ப்பார். காதில் துடிப்பு அடங்கும்வரை சீவாளியைத் திருத்துவார். எண் எதுவும் அங்கே பேசப்படுவதில்லை. துடிப்பு அடங்கிய இடம் 3/2 என்பது நாம் வெளியே நின்று போடும் கணக்கு.

ஒத்து என்பதும் ஒரு நாதஸ்வரம் போன்ற குழல்தான். சுரம் வாசிக்காமல் ஆதாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒத்து ஊதுகிறவர் மூச்சுத் தெரியாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, ஒலி அறாமல் காப்பது கடினமான வேலை. அதற்குக் கிடைத்த மரியாதையோ கொஞ்சம். இன்று பெரும்பாலும் அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. பெட்டி களைப்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒத்தின் ஒலியும் நாதஸ்வரத்தின் ஒலியும் ஒரே குடும்பம்; ஒரே மாதிரியான மேற்சுரங்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வரும் பெட்டியின் சுருதி வீதி இரைச்சலிலும் தவிலின் முழக்கத்திலும் அமிழ்ந்துபோகும்போது, வாசிப்பவர் நினைவிலிருந்தே சுருதி பிடிக்க வேண்டியிருக்கிறது. மாத்தளைத் தேர்வீதி போன்ற நெரிசலில் இது சின்ன விஷயமன்று.

துளைவைப்பு வாத்தியத்தில் எத்தனை தூரம் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை போதும். குட்டையான திமிரி நாதஸ்வரத்தில் சுத்த மத்திமம் சரியாகப் பேசுவதில்லை என்பது வித்துவான்களின் நெடுநாள் குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளையளவை மாற்றி நீளமான பாரி நாதஸ்வரத்தில் அதைத் தீர்த்துவைத்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதைக் கையில் எடுத்த பிறகு ஊர் முழுவதும் பாரிக்கு மாறியது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விகித மத்திமத்துக்கும் கீபோர்டு மத்திமத்துக்கும் இரண்டே சென்ட் வேறுபாடு. வித்துவான்கள் முறையிட்ட குறை அதைவிடப் பன்மடங்கு பெரியது. சுருதி நுட்பம் பற்றி எழுதுகிறவர்கள் (நான் உட்பட) இரண்டு சென்டைப் பிடித்துக்கொண்டு மல்லாடும்போது, ஆசாரி உளியோடு இருபது முப்பது சென்ட் பிரச்சினைகளோடு மல்லாடிக்கொண்டிருப்பார்.

தம்புராவிடம் போனால் கதை இன்னும் சுவையாகிறது. பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், மந்திர சட்ஜம் என்று நான்கு தந்திகளை மீட்டினால், யாருமே மீட்டாத ஒரு காந்தாரம் மேலே மிதந்து வரும். சுயம்பு காந்தாரம் என்று வித்துவான்கள் அதைக் கொண்டாடுவார்கள். மந்திரத் தந்தியின் ஐந்தாம் மடங்குதான் அது. எனவே கச்சிதமான 5/4 காந்தாரம். குதிரையின்மேல் தந்திக்கும் மரத்துக்கும் நடுவே நுழைக்கும் நூல், தந்தியை மேல்மடங்குகளில் பேசவைக்கிறது. சி. வி. ராமன் 1921இல் இந்திய நரம்புக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் தம்புரா, வீணைக் குதிரைகளின் இந்தத் தனித்தன்மையைத்தான் ஆராய்ந்தார். ஆக, தம்புரா முன்னால் கல்யாணி ராகக் காந்தாரத்தை நிறுத்திப் பாடும் மாணவிக்கு, எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தம்புராவே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஆசிரியர் "சேரவில்லை, சேரவில்லை" என்று இரண்டு முறை சொன்னால் போதும்.

இனி இருபத்திரண்டு சுருதிக் கணக்குக்கு வருவோம். தமிழில் இந்த ஆராய்ச்சியைக் கணிதமாகச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917இல் வந்த ‘கருணாமிர்த சாகரம்’ அவருடையது. மற்றவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.

பண்டிதர் ஸ்தாயியை இருபத்து நான்கு சம அலகுகளாகப் பிரித்தார். ஓர் அலகு 50 சென்ட். அவருடைய பஞ்சமம் பதினான்காம் அலகில் விழுகிறது. அதாவது 700 சென்ட், கீபோர்டுப் பஞ்சமமேதான். இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை அவர் 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாடு வரை கொண்டுபோய் எதிர்த்தார். விபுலாநந்தர் எதிர்த்திசை. சிலப்பதிகார மரபு ஏழு நரம்புகளுக்கும், அதாவது ஏழு சுரங்களுக்கும், கொடுக்கும் அலகுகளான நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு ஆகியவற்றைக் கூட்டினால் இருபத்திரண்டு வரும். அந்த இருபத்திரண்டை முழு எண் விகிதங்களோடு பொருத்தி, யாழ்களுக்கு நரம்பளவு தேடினார்.

பண்டிதரின் மனக்குறை நியாயமானது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். இருபத்திரண்டு அலகும் சமம் என்று வைத்தால் ஓர் அலகு 54.5 சென்ட், பஞ்சமம் பதின்மூன்றாம் அலகில், 709 சென்டில் விழும். 220 சட்ஜத்தோடு அதை ஒலித்தால் விநாடிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாக விம்மல் வரும். ஒத்தின் முன்னால் எந்த வித்துவானும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே இருபத்திரண்டும் சமமாக இருக்க முடியாது. சரி, விகிதங்களைப் போட்டுப் பார்ப்போம். நான்கு அலகுச் சுரத்துக்கு 9/8, மூன்று அலகுக்கு 10/9, இரண்டு அலகுக்கு 16/15 என்பது பரவலாக ஏற்கப்பட்ட பொருத்தம். இவை முறையே 204, 182, 112 சென்ட். ஏழையும் கூட்டினால் சரியாக 1200 வந்துவிடும், அழகான கணக்கு. ஆனால் நான்கு அலகுக்கும் மூன்று அலகுக்கும் இடையே உள்ள ஓர் அலகு 22 சென்ட். மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள ஓர் அலகு 70 சென்ட். ஒரே பெயர், மும்மடங்கு வேறுபாடு. முழம் போட்டுத் துணி அளக்கிறவர் கடைக்குக் கடை கையை மாற்றிக்கொள்வது போன்றது இது. அலகு என்பது அளவுகோலாக இருந்திருக்காது. எது பெரிது, எது சிறிது என்று தரம் பிரிக்கும் குறியாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே சிலப்பதிகார உரைமரபில் இன்னொரு பார்வையும் இருக்கிறது; எனக்கு அது இருபத்திரண்டைவிடப் பெரிதாகப் படுகிறது. நரம்புகளுக்கிடையே இணை, கிளை, நட்பு, பகை என்று உறவு வகுத்திருக்கிறார்கள். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. இன்றைய காது உடனே மறுக்கும். சட்ஜத்துக்குக் காந்தாரம் எப்படிப் பகையாகும், அது இனிமையிலும் இனிமையாயிற்றே? நரம்பு கூட்டும் முறையைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. நரம்புகளின் பழம்பெயர்களில் சொன்னால், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், அதிலிருந்து விளரி, அதிலிருந்து கைக்கிளை என்று ஐந்தாம் நரம்பு வழியே போவது மரபு. இப்படி நான்கு தாவலில் வந்துசேரும் மூன்றாம் நரம்பின் விகிதம் 81/64. அதாவது 408 சென்ட். 220 ஆதாரத்தோடு இதை ஒலித்தால் விம்மல் விநாடிக்குப் பதினான்கை நெருங்கும். கீபோர்டுக் காந்தாரத்தை விடவும் மோசம். அந்த மூன்றாம் நரம்பைப் பகை என்றவர் காதில் கோளாறில்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஐந்தாம் சுர அடுக்கால் சுருதி கூட்டிய இடைக்காலத்தில் அங்கே மூன்றாம் சுர இடைவெளியை முழு இசைவாக ஏற்கவில்லை. 5/4 செல்வாக்குப் பெற்ற பிறகே அது இனிமையின் நடுநாயகமாயிற்று. உறவுச் சொல்லைக் காதும் கருவியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இவ்வளவும் நிற்கும் சுரத்தின் கதை. நாதஸ்வரத்தில் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது?

ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராகம் தோடி. அதன் காந்தாரத்தை எடுங்கள். இருபத்திரண்டு சுருதிப் பட்டியலில் அதற்கு 32/27 என்றோ 6/5 என்றோ இடம் போடுவார்கள். 294 அல்லது 316 சென்ட். வாசிப்பில் அந்தக் காந்தாரம் இரண்டு இடத்திலும் உட்காருவதில்லை. ரிஷபத்துப் பக்கம் இறங்கி மத்திமத்தை எட்டித் தொட்டு ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஊசலின் அகலம் நூறு சென்டுக்கும் மேலே போகையில், அதன் நடுவில் 22 சென்ட் வேறுபாட்டைத் தேடுவதில் பொருளில்லை. கேட்பவர் அடையாளம் காண்பது ஊசலின் போக்கை. அரைத் துளை விரலும் உதட்டழுத்தமும் அதற்காகவே இருக்கின்றன.

அளந்தவர்களின் முடிவுகளும் இப்படியே இரண்டாகப் பிரிகின்றன. அரவிந்த் கிருஷ்ணசுவாமி 2003ஐ ஒட்டிக் கர்நாடக இசைப் பதிவுகளைக் கணினியில் ஆராய்ந்து, நிலையாக நிற்கும் சுரநிலைகள் பன்னிரண்டுக்கு மேல் தென்படவில்லை என்றார். இருபத்திரண்டுக்கான தடயம் கிடைக்கவில்லை. 2011இல் பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகக் குழு, பாடகர்களின் சுரங்கள் எங்கே குவிகின்றன என்று பார்த்தது. கர்நாடகப் பாடகர்களின் குவிமையங்கள் விகிதச் சுருதிக்கு நெருக்கமாக இருந்தன. ஹிந்துஸ்தானிப் பாடகர்களிடம் சமப்படியின் சாயல் தெரிந்தது. ஒன்று இருபத்திரண்டை மறுக்கிறது, மற்றது விகிதத்தை ஆதரிக்கிறது. முரண் போலத் தோன்றும். நிற்கும் இடங்களில் விகிதம் ஆள்கிறது, நடக்கும் இடங்களில் அலகு செல்லுபடியாவதில்லை என்று பிரித்துக்கொண்டால் முரண் போய்விடும்.

காதின் தரப்பிலிருந்தும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. பர்ன்ஸ், வார்ட் இருவரும் 1978இல் வெளியிட்ட சோதனையில், தேர்ந்த இசைக்கலைஞர்கள் அடுத்தடுத்து ஒலிக்கும் சுர இடைவெளிகளை வகை வகையாகவே கேட்டார்கள். ஒரு வகைக்குள்ளே சில சென்ட் நகர்ந்தால் கவனத்தில் விழவில்லை. வகையின் எல்லையைத் தாண்டினால் உடனே விழுந்தது. ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் கதை வேறு. அங்கே விம்மல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒத்து பின்னால் இருக்கும்போது நம் இசை இரண்டு நிலையிலும் ஒரே சமயத்தில் இருக்கிறது. சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் சட்ஜத்தோடு சேர்ந்தும் ஒலிக்கிறது. வேகமாகப் போகும் பிர்காவில் முதல் காது வேலை செய்கிறது. கார்வை போட்டு நிறுத்தும்போது இரண்டாம் காது விழித்துக்கொள்கிறது.

இப்போது ஒத்து இல்லாத இசைக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தம்புள்ளை, அலுவிகாரை விகாரைகளில் ஹேவிசி வாசிக்கையில் தவுலும் தம்மெட்டமும் முழங்க, ஹொரணேவ என்ற குழல் மேலே பாடும். அதுவும் இரட்டை நாக்குக் குழல்தான், நாதஸ்வரத்துக்கு உறவு. ஆனால் ஆதாரம் பிடிக்க ஆளில்லை. பிக்குகள் பிரித் ஓதும்போது இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே குரல் நெளிந்து போகும். இன்னும் கிழக்கே மகாவலிக்கு அப்பாலுள்ள வேடர் நிலத்தின் பாடல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெழுகு உருளையில் பதிவாகி ஆய்வுக்கு உள்ளாயின. சி. எஸ். மையர்ஸ் என்ற உளவியலாளர் அவற்றை அளந்து எழுதியது, செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘தி வேடாஸ்’ நூலில் இருக்கிறது. கெஷ்டால்ட் உளவியலின் நிறுவனர்களில் ஒருவரான மாக்ஸ் வெர்த்தைமரும் வேடர் இசையைப் பற்றி எழுதியிருக்கிறார். சுர இடைவெளியைப் பற்றிய நவீன ஆராய்ச்சி இலங்கைக் காட்டுப் பாடல்களை இவ்வளவு முன்னதாகவே தொட்டது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பாடல்கள் பல இரண்டு சுரத்துக்குள்ளோ மூன்று சுரத்துக்குள்ளோ முடிந்துவிடுகின்றன. அங்கே 3/2க்கு வேலையே இல்லை.

இசைவு எல்லா மனிதருக்கும் பொதுவா என்ற கேள்விக்கு 2016இல் ‘நேச்சர்’ இதழில் ஜோஷ் மக்டெர்மட் குழுவினர் ஒரு கனமான பதிலைத் தந்தார்கள். பொலிவியாவின் அமேசன் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் இசைவான சுரக்கூட்டங்களையும் இசைவற்றவற்றையும் ஒலித்துக் காட்டினார்கள். இரண்டையும் அவர்கள் ஒரே அளவில் இனிமையாக மதிப்பிட்டார்கள். ஆனால் கரகரப்பு மிகுந்த ஒலியை நம்மைப் போலவே வெறுத்தார்கள். காது கரகரப்பை உணர்வது பொது. அதை வைத்து 5/4ஐக் கொண்டாடுவது பழக்கம். சேர்ந்திசைக்கும் வழக்கம் சிமானே இசையில் இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒத்தும் தம்புராவும் நமக்குக் கொடுத்த காதை அவர்களுக்குக் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை.

தப்பும் இந்த வரிசையில் வந்தாக வேண்டும். சாதாரணத் தோல் வட்டத்தின் மேற்சுரங்கள் முழு மடங்காக அமைவதில்லை. அடிச் சுரத்தைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று கோணலாகப் போகும். அதனால் தப்புக்குத் தெளிவான சுரம் என்று ஒன்று கிடையாது. தீ மூட்டிக் காய்ச்சித் தோலை இறுக்கும்போது ஒலி உயர்ந்து கூர்மையாகும். ஆட்டக்காரருக்கு வேண்டியது அந்தக் கூர்மைதான். மிருதங்கத்தின் கரணையோ நடுவில் கனத்தை ஏற்றி, அந்தக் கோணல் மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற மடங்குக்குக் கொண்டுவருகிறது. இதையும் கண்டுகாட்டியவர் ராமன்தான். 1920இல், குமார் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து. சுருதிச் சுத்தத்தைச் செவ்வியலின் உரைகல்லாக்கி, அதில் தேறாத தப்பைக் கீழே வைத்ததில் இயற்பியலுக்கு எந்தப் பங்கும் இல்லை. தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த மக்கள் கொண்டுவந்த தோல் அது. அதை மேளத்துக்குக் கீழே வைத்தது சாதி.

கீபோர்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அகில இந்திய வானொலி 1940இல், கீபோர்டைப் போலவே சமப்படியில் ஒலிக்கும் ஆர்மோனியத்தைத் தடைசெய்து 1971 வரை வைத்திருந்தது. அந்தத் தடையின் பின்னே நியாயமும் இருந்தது, மிகையும் இருந்தது. ஆர்மோனியத்தின் காந்தாரம் 14 சென்ட் உயரம் என்ற குற்றச்சாட்டு சரி. ஆனால் உண்மையான சேதம் சுரத்தின் ஊசலான கமகம் போவதில்தான் நேர்கிறது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம்தான். தோடிக் காந்தாரம் அங்கே பிறக்காது. இன்று மலையகப் பாடசாலைகளிலும் பஜனைக் கூடங்களிலும் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது கீபோர்டு. விலை கட்டுப்படியாகிறது, தாளமும் கூடவே வருகிறது. அதைப் பறிக்கச் சொல்வதற்கு எனக்கு மனமில்லை. பக்கத்தில் ஒரு தம்புரா ஒலி இருக்கட்டும் என்று மட்டும் சொல்வேன். கீபோர்டுக் காந்தாரத்தையும் தம்புராவின் சுயம்புக் காந்தாரத்தையும் ஒருமுறை சேர்த்துக் கேட்ட பிள்ளைக்கு விகிதம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விபுலாநந்தரைப் பற்றிய என் தீர்ப்பு இது. நரம்புகளின் உறவை எண்ணால் பிடிக்க முயன்றதில் அவர் சரி. நின்று ஒலிக்கும் யாழ் நரம்புக்கு அந்த எண்கள் பொருந்தும். வாயால் பாடும் தமிழுக்கும் சீவாளியால் பேசும் தமிழுக்கும் அதே எண்களை நீட்டியபோது கணக்கு கனத்துவிட்டது. அவரை மறுப்பதற்காக எழுதிய பலரும் வேறோர் எண்ணைத் தூக்கிப் பிடித்தார்களே ஒழிய, எந்தச் சுரம் நிற்கிறது, எது நடக்கிறது என்று பிரித்து எழுதவில்லை.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதிர்வெண் ஒலிக்கும் செயலி உள்ள கைத்தொலைபேசிகள் இரண்டு போதும். ஒன்றில் 220 வையுங்கள். மற்றதில் முதலில் 275, பிறகு 277.2. செயலியில் ‘சைன்’ அலையைத் தேர்ந்தால் ஒன்றும் தெரியாது, மேற்சுரம் இல்லாத அலை அது. ரம்பப் பல் வடிவ அலையைத் தேருங்கள். 275இல் ஒலி அசையாமல் நிற்கும், 277.2இல் விநாடிக்கு எட்டு ஒன்பது தடவை துடிக்கும். பிறகு தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டு, அந்தத் துடிப்பு எங்கே கேட்கிறது, எங்கே கேட்க நேரமே இல்லை என்று கவனித்துப் பாருங்கள்.